ஹெட்லைற் போட்டால் ஏறும் வெப்ப முள்: ஒரு பழைய டொல்பின் வானின் ஏர்த் கோளாறு

இரவில் ஹெட்லைற்றைப் போட்டு இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வெப்ப முள் நடுவை விட்டுச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. டீசல் முள்ளும் கூடவே ஏறுகிறது. வலப்பக்கச் சிக்னலைப் போட்டால் டாஷ்போட் வெளிச்சம் அந்தச் சிக்னலோடு சேர்ந்து மங்குவதும் தெளிவதுமாக இருக்கிறது. இடப்பக்க அம்புக்குறியும் லேசாகத் துடிக்கிறது. சார்ஜ் லைற், இருட்டில் மட்டும் தெரிகிற அளவுக்கு, அணையாமல் எரிகிறது. பகலில் ஓட்டினால் சார்ஜ் லைற்கூடக் கண்ணுக்குப் படுவதில்லை.

வண்டி டொயோட்டா ஹைஏஸ், எல்எச் வரிசை, நம் ஊரில் டொல்பின் என்று சொல்கிற வான். 1990 களின் நடுப்பகுதியில் யப்பானில் செய்தது. 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். சொந்தக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த மீன் வியாபாரி, நான் 'நானா' (அண்ணன்) என்று கூப்பிடுபவர். திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, இரவோடு இரவாகக் கந்தளாய், ஹபரணை வழியாகப் பேலியகொடைச் சந்தைக்குப் போகிறவர். வண்டியின் உழைப்பு முழுக்க இரவில்தான். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பகல்ல ஒரு பிழையும் இல்ல. ராவைக்கு லைற்றப் போட்டாத்தான் இந்தக் கூத்து."

என் கராஜுக்கு வருமுன்பே இந்த வானில் நிறையச் செலவாகியிருந்தது. வெப்ப முள் ஏறுகிறது என்று தேர்மோஸ்டாற் மாற்றினார்கள், பிறகு வெப்ப சென்ஸர், பிறகு ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். சார்ஜ் லைற்றைப் பார்த்து அல்ரனேற்றரை மாற்றினார்கள். கடைசியில் பழைய சாமான் கடையில் ஒரு மீற்றர் போட் (முள்ளெல்லாம் இருக்கும் பெட்டி) வாங்கிப் பூட்டினார்கள். புது மீற்றர் போட்டும் அதே ஆட்டம் ஆடியது.

அல்ரனேற்றரைச் சந்தேகித்ததில் நியாயம் உண்டு. இந்த எஞ்சினில் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப் அல்ரனேற்றரின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. எஞ்சின் எண்ணெய் அதற்குள் ஓடுகிறது. சீல் தேய்ந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிக் கார்பன் பிரஷ்ஷைக் கெடுக்கும். ஆனால் பழைய டொயோட்டா டீசல்கள் பலவற்றில் அல்ரனேற்றர் கெட்டால் சார்ஜ் லைற் தனியாக எரியாது. பிரேக் லைற்றும் டீசல் பில்ற்றர் லைற்றும் அதனோடு சேர்ந்து எரியும். இங்கே சார்ஜ் லைற் மட்டும், அதுவும் மங்கலாக. மாற்றிய பிறகும் அப்படியே.

மீற்றர் போட் மாற்றியும் கோளாறு போகவில்லை என்பது எனக்கு உதவியாக இருந்தது. இரண்டு மீற்றர் போட்டும் ஒரே பிழையை ஒரே நேரத்தில் காட்டினால், பிழை அவற்றுக்கு வெளியே, அவற்றுக்கு வந்து போகும் வயர்களில்தான் இருக்க வேண்டும்.

இதைச் சின்னக் கோளாறு என்று யாரும் எண்ண வேண்டாம். ஓர் இரவு கந்தளாய் தாண்டிக் காட்டு வழியில் இந்த வான் டீசல் தீர்ந்து நின்றிருக்கிறது. அப்போதும் முள் டீசல் தாங்கியில் கால்வாசிக்கு மேலே காட்டிக்கொண்டிருந்ததாம். யானை குறுக்கே வருகிற வீதி அது. ஹெட்லைற்றும் மங்கல், டீசல் முள்ளும் பொய். ஓட்டுநரின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

முள் ஏன் மேலே ஏறுகிறது

ஒரே நேரத்தில் இரண்டு முள்ளும் ஏறுகின்றன, இரண்டும் மெதுவாக ஏறுகின்றன. இந்த இரண்டு குறிப்பும் சேர்ந்தால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

இந்தக் காலத்து மீற்றர் போட்களில் முள்ளை அசைப்பது சூட்டில் வளையும் ஓர் இரட்டை உலோகத் தகடு. அதைச் சுற்றியுள்ள கம்பியில் கறண்ட் கூடினால் தகடு சூடாகி வளையும், முள் நகரும். அதனால்தான் முள் துள்ளாமல் மெல்ல ஏறுகிறது. பற்றரி வோல்ற் ஏறி இறங்கினாலும் முள் ஆடாமல் இருக்க, மீற்றர் போட்டுக்குள் ஒரு சிறிய ரெகுலேற்றர் உண்டு. இரண்டு முள்ளுக்கும் அது சுமார் 7 வோல்ற் கொடுக்கும். அந்தக் கறண்ட் முள் வழியாக வெளியேறி, வெப்ப முள் என்றால் எஞ்சினில் உள்ள சென்ஸருக்கும், டீசல் முள் என்றால் தாங்கியில் உள்ள மிதவைக்கும் போய் அங்கேயே ஏர்த் ஆகிறது, அதாவது வண்டியின் இரும்பு உடலான பொடி வழியாகப் பற்றரி மைனஸுக்குத் திரும்புகிறது.

சிக்கல் இங்கேதான். ரெகுலேற்றர் கொடுக்கும் 7 வோல்ற் எதிலிருந்து கணக்கு? மீற்றர் போட்டின் சொந்த ஏர்த்திலிருந்து. அந்த ஏர்த் கெட்டு, பொடியை விட 2 வோல்ற் உயர்ந்து நின்றால், சென்ஸருக்குப் போவது 7 அல்ல, 9 வோல்ற். சென்ஸரின் ஏர்த் எஞ்சினில் நன்றாகவே இருக்கிறது, ஆகவே கறண்ட் கூடுகிறது, தகடு வளைகிறது, இரண்டு முள்ளும் ஏறுகின்றன. எஞ்சின் சூடாகவில்லை, டீசலும் கூடவில்லை. முள் அளவெடுக்கத் தொடங்கும் தரைதான் உயர்ந்துவிட்டது.

இடப்பக்க அம்பு துடித்ததும் இதே காரணத்தால்தான். இரண்டு அம்புக்குறி பல்ப்புக்கும் மீற்றர் போட்டில் ஒரே ஏர்த். அது அடைபட்டால் வலப்பக்கப் பல்ப்பைக் கடந்த கறண்ட் வீடு திரும்ப வேறு வழி தேடும். இடப்பக்கப் பல்ப்பின் உள்ளே பின்பக்கமாக நுழைந்து, வெளியே உள்ள இடப்பக்கச் சிக்னல் பல்ப் வழியாக அங்கேயுள்ள நல்ல ஏர்த்தைப் பிடிக்கும். சம்பந்தமில்லாத ஒரு பல்ப் லேசாக எரிந்தால் முதலில் ஏர்த்தைப் பாருங்கள் என்று நான் பழகவரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதற்காகத்தான்.

ஹெட்லைற்றுக்கும் டாஷ்போட்டுக்கும் என்ன உறவு

பலர் தடுமாறும் இடம் இது. ஹெட்லைற் முன்னால் இருக்கிறது, அதன் ஏர்த்தும் முன்னால்தானே இருக்கும், அது எப்படி டாஷ்போட்டைக் கெடுக்கும் என்று கேட்பார்கள்.

பல வண்டிகளில் அப்படித்தான். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் அப்படியில்லை. அவற்றில் ஹெட்லைற் பல்ப்பின் பொதுக் காலுக்குப் பிளஸ் நேரே வந்துவிடும். டிம், ஹை என்று மாற்றும் சுவிச் ஏர்த் பக்கத்தில் இருக்கிறது. அதாவது பல்ப்பில் எரிந்த கறண்ட் முன்னால் ஏர்த் ஆகாமல், வயர் வழியாக ஸ்ரியரிங்கின் அருகில் உள்ள சுவிச்சுக்குத் திரும்பி வந்து, டாஷ்போட்டின் கீழே ஒரு போல்ற்றில் பொடியைத் தொடுகிறது. இந்த வானில் அந்தப் போல்ற்றும் மீற்றர் போட்டின் ஏர்த் போல்ற்றும் ஒன்றேதான்.

55 வற் பல்ப் இரண்டு என்றால் கிட்டத்தட்ட 9 முதல் 10 அம்பியர். இவ்வளவும் மீற்றர் போட்டின் சிறு கறண்ட் போகும் அதே வாசலால் போகிறது. வாசல் அகலமாக இருந்தால் பிரச்சினை இல்லை. கறள் பிடித்து ஒடுங்கினால், பகலில் ஓர் அம்பியர் போகும்போது ஒன்றும் தெரியாது. இரவில் 10 அம்பியர் வந்ததும் எல்லாம் ஆட்டம் காணும். "ராவைக்குத்தான்" என்று நானா சொன்னதன் பொருள் இது.

அளந்தது

ஏர்த்தை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியாது. முன்பு யாரோ அப்படிப் பார்த்துவிட்டு "ஏர்த் நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை. சாதாரண மல்ரிமீற்றரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். ஏர்த்தில் அதே அளவு தடை இருந்தால் அந்த எண்ணுக்குள் அது மறைந்துபோகும். ஆனால் 0.2 ஓம் தடையில் 10 அம்பியர் போனால் 2 வோல்ற் விழுகிறது. கறண்ட் ஓடும்போது வோல்ற்றை அளந்தால்தான் பிடிபடும்.

முதலில் பற்றரி. நிறுத்தி வைத்தபோது 12.6, எஞ்சின் ஓடும்போது 14.2. பற்றரியும் சரி, அல்ரனேற்றரும் சரி. பிறகு கறுப்பு வயரைப் பற்றரியின் மைனஸ் முனையில், கிளாம்பில் அல்ல, ஈய முனையிலேயே பிடித்துவைத்து, சிவப்பு வயரை மீற்றர் போட் சொக்கெற்றில் ஏர்த் வயர் வரும் இடத்தில் வைத்தேன். சாவி மட்டும் போட்டபோது 0.2 வோல்ற். பார்க் லைற் போட்டதும் 0.4. ஹெட்லைற் டிம்மில் 2.1. ஹையில் 2.3. ஒழுங்கான ஏர்த்தில் இந்த எண் 0.1 க்கு மேலே போகக் கூடாது.

2.1 வோல்ற் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் இழை பல்ப்பின் ஒளி வோல்ற்றோடு சமமாகக் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும். 14 கிடைக்க வேண்டிய பல்ப்புக்கு 12 க்கும் குறைவாகக் கிடைத்தால் ஒளியில் 40 வீதம் போய்விடும். "லைற் மஞ்சளாக இருக்கு" என்று இரண்டு தடவை பல்ப் மாற்றியிருந்தார் நானா.

இந்த 2.1 வோல்ற் எந்த இடத்தில் விழுகிறது என்று வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன், ஹெட்லைற் எரிந்துகொண்டே இருக்க. பற்றரி முனைக்கும் கிளாம்புக்கும் இடையில் 0.05. கிளாம்பிலிருந்து பொடி வரை 0.1. பொடியின் ஒரு பக்கத்திலிருந்து டாஷ்போட்டுக்குக் கீழே சுரண்டிய வெறும் தகடு வரை 0.03. அந்தத் தகட்டிலிருந்து, அதில் முறுக்கியிருக்கும் லக் (வயர் முனையில் அழுத்திய உலோக வளையம்) வரை 1.8. லக்கிலிருந்து வயர் வரை 0.15. தகட்டுக்கும் லக்குக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அந்த இடுக்கில்தான் 1.8 வோல்ற் போகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை. இதைத் தவறவிடக் கூடாது, ஏனென்றால் கழற்றித் துடைத்துவிட்டால் பிறகு எதை நிரூபிப்பது? கோளாறு உயிரோடு இருக்கும்போதே, முள் மேலே நிற்கும்போதே, ஒரு தடித்த வயரை எடுத்து அந்த ஏர்த் லக்கிலிருந்து பற்றரி மைனஸுக்கு நேரே போட்டேன். டாஷ்போட் வெளிச்சம் அந்தக் கணமே தெளிந்தது. நானா சீற்றில் இருந்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இறங்குது, ரெண்டும் இறங்குது" என்றார். வயரை எடுத்ததும் திரும்ப ஏறத் தொடங்கியது. இதற்குமேல் எந்தச் சாமானையும் வாங்கிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

அந்தப் போல்ற்

ஓட்டுநரின் வலது கால் பக்கத்துப் பிளாஸ்ரிக் தட்டைக் கழற்றினால் தெரியும். ஒரே போல்ற்றில் மூன்று லக், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே பார்க்க நன்றாகவே இருந்தது, கறுப்பாகப் பெயின்ற்கூடப் பூசியிருந்தது. போல்ற்றைக் கழற்றும்போது தலை கையோடு வந்துவிட்டது.

லக்குக்குக் கீழே இரண்டு பிழை. முன்கண்ணாடிச் சட்டம் ஒருமுறை கறள் பிடித்து வெட்டி ஒட்டிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். டொல்பின்களில் இது அடிக்கடி வருகிற வியாதி. அப்போது இந்தப் போல்ற் இடத்துக்கும் பிரைமரும் பெயின்ற்றும் படிந்து, அதன்மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ற்றின் புரி வழியாக மட்டும்தான் ஏர்த் கிடைத்திருக்கிறது. இரண்டாவது, கண்ணாடி ரப்பரில் ஒரு கசிவு. மழைத்தண்ணீர் தூணின் உள்ளால் வடிந்து நேரே இந்த இடத்தில் இறங்குகிறது.

அதில் உப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. உள்துறைமுகம், கொட்டியாரக் குடா, கிண்ணியாக் களப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தண்ணீர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு இந்த வான் நாளாந்தம் களப்பின் மேலாலேயே போய்வருகிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். மழை பெய்ய வேண்டியதில்லை, ஐப்பசி கார்த்திகை இரவே போதும். செம்பு லக், இரும்புத் தகடு, நடுவில் உப்புத்தண்ணீர்: இந்த மூன்றும் சேர்ந்தால் கரைவது இரும்புதான். தகட்டில் மண் போல உதிர்ந்தது கறள். லக்கின் வயரில் உறையை உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்துப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, மீதி 0.15 வோல்ற்றுக்குக் காரணம் அது.

செய்த வேலை

மைனஸைக் கழற்றிவிட்டு, தகட்டை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டினேன். பழைய புரி உடைந்துபோனதால் பக்கத்தில் தடித்த இடத்தில் புதுத் துளை. வயர்களைக் களிம்பு இல்லாத பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி, ஈயம் பூசிய புது லக் அழுத்தினேன். ஹெட்லைற் சுவிச்சின் ஏர்த்தை மீற்றர் போட்டோடு சேர்க்காமல் தனிப் போல்ற்றில் இறக்கினேன். இந்த வேலையில் நான் முக்கியம் என்று நினைப்பது இந்தப் பிரிப்பைத்தான். இனி ஒன்று கெட்டாலும் மற்றது தப்பும். அப்புறம் 6 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றை அந்த இடத்திலிருந்து பற்றரி மைனஸுக்கு நேரே இழுத்தேன்.

பல்வாஷர் வைத்து முறுக்கிய பிறகுதான் கிறீஸ், அதுவும் வெளிப்புறம் மட்டும். சிலர் முதலிலேயே லக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் கிறீஸை அப்பிவிடுவார்கள். சாதாரணக் கிறீஸ் கறண்ட் கடத்தாது. உலோகம் உலோகத்தை இறுகப் பிடித்த பிறகு, தண்ணீர் புகாமல் இருக்கத்தான் அது.

ஹெட்லைற்றுக்கு ரிலே (சிறு கறண்டால் பெரிய கறண்டைப் போட்டு நிறுத்தும் சுவிச்) பூட்டினால் போதாதா என்று அங்கே நின்ற ஒருவர் கேட்டார். ரிலே நல்ல சாமான். பூட்டியிருந்தால் ஹெட்லைற் பிரகாசித்திருக்கும், அந்தக் கறண்ட் வேறு வழியால் போவதால் முள்ளும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆனால் கறள் உள்ளே இருந்து தின்றுகொண்டே இருக்கும், அடுத்த மாரிக்கு மீற்றர் போட்டின் ஏர்த் முழுதாக அறுந்திருக்கும். காரணம் இருக்கும் இடத்தைத் தொடாத வேலையை நான் வேலை என்று எண்ணுவதில்லை.

திரும்ப அளந்தபோது ஹெட்லைற் டிம்மில் 0.06, ஹையில் 0.07. வெப்ப முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நின்றது. இடப்பக்க அம்பு செத்துக் கிடந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

சார்ஜ் லைற் வேறு கதை

சார்ஜ் லைற் மட்டும் அப்படியே மங்கலாக எரிந்தது. ஏர்த்தைத் திருத்தினால் அது அணையாது, ஏனென்றால் அந்தப் பல்ப் ஏர்த்தைத் தொடுவதே இல்லை. ஒரு முனை சாவி வழியாக வரும் பிளஸில், மறு முனை அல்ரனேற்றரில். அல்ரனேற்றர் சார்ஜ் பண்ணத் தொடங்கினால் இரண்டு முனையும் ஒரே வோல்ற்றுக்கு வந்து பல்ப் அணையும். மங்கலாக எரிகிறது என்றால் இரண்டு முனைக்கும் இடையில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது. அல்ரனேற்றர் பக்கம் 14.2, சாவிப் பக்கம் 12. வித்தியாசம் 2.2.

பியூஸ் பெட்டியில், இந்தச் சாவிப் பக்கப் பிளஸ் வரும் பியூஸின் சொக்கெற் பழுப்பாக உருகியிருந்தது. மேலே பழைய கசிவின் அடையாளம். அதே பியூஸிலிருந்து யாரோ ஒரு டாஷ்போட் காற்றாடிக்கும் ரேடியோவுக்கும் கறண்ட் எடுத்திருந்தார்கள். காற்றாடியை நிறுத்தினால் சார்ஜ் லைற் அணைந்தது, போட்டால் எரிந்தது. அந்தச் சொக்கெற்றைக் கைவிட்டுத் தனிப் பியூஸ் பிடி பூட்டி, காற்றாடியையும் ரேடியோவையும் வேறு பியூஸுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. நல்ல அல்ரனேற்றர் ஒன்றை வீணாகக் கழற்றியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இப்படிப்பட்ட வான்களை வைத்துத்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும், இருக்கிற வரிக்குப் புது வண்டி என்பது மீன் வியாபாரிக்கு எட்டாத தூரம். அவர்களுடைய ஒவ்வொரு ரூபாயும் சரியான சாமானுக்குப் போக வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

வெளிச்சம் போதவில்லை என்று நானா டாஷ்போட்டில் எல்இடி பல்ப்களும் போட்டிருந்தார். வெளிச்சத்துக்கான இடங்களில் அவை இருக்கலாம். சார்ஜ் லைற்றின் துளையில் மட்டும் பழைய இழை பல்ப்பையே வையுங்கள். சில அல்ரனேற்றர்கள் அந்தப் பல்ப் வழியாக வரும் சிறு கறண்டில்தான் விழித்தெழும். எல்இடி அவ்வளவு கறண்ட்டை விடாது.

பின்னால் பிரேக் மிதித்தால் சிக்னல் லேசாக எரிந்தது. காரணம், ஐஸ் தண்ணீர் வடிகிற கதவடி ஏர்த்; அதையும் சுரண்டிப் புது லக் போட்டாயிற்று. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள பின்னல் பட்டி பாதி அறுந்திருந்தது, ஸ்ரார்ட் பண்ணும்போது 0.7 வோல்ற் விழுந்தது. புதிது போட்டதும் 0.15. இந்தப் பட்டி முழுதாக அறுந்தால் ஸ்ரார்ட்டரின் நூற்றுக்கணக்கான அம்பியர் அக்ஸிலேற்றர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் சூடாகி இறுகிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதையும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

முன்கண்ணாடிக் கசிவு என் வேலை அல்ல, ரிங்கர் வேலை (தகடு வெட்டி ஒட்டுபவரின் வேலை). ரப்பரைக் கழற்றிச் சட்டத்தைத் திருத்தாவிட்டால் புதுப் போல்ற்றும் அதே தண்ணீரில்தான் நிற்கும் என்று நானாவிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் செய்வதாக ஒத்துக்கொண்டார். அளந்த எண்களைத் திகதியோடு ஒரு தாளில் எழுதிப் பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்: மீற்றர் போட் ஏர்த், ஹெட்லைற் டிம்மில் 0.06, ஹையில் 0.07, எஞ்சின் பட்டி 0.15. அடுத்து இந்த வானைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அதே இடத்தில் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.